நாலெட்ஜ் சாருக்குத் தெரியாதது

எங்கள் அகராதி அலுவலகத்தில் எல்லாம் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். பதினேழாம் தேதி பிற்பகல் இரண்டு மணிக்குத் தன் மனைவிக்கு ஆபரேஷன் என்பதை மூன்று நாள் முன்பே தன் கையால், முத்து முத்தான எழுத்தில் எழுதி வைத்திருந்தார். விஷயம் அவருக்குத்தான் தெரியாது.

தலை சுற்றுகிறதா? எனக்கும் சுற்றியது. நான் அங்கே தட்டச்சு வேலை பார்த்தவள். அவருக்கு எதிர் மேசை. பதினெட்டு வருஷம் அந்த முகத்தைப் பார்த்த பாவத்துக்கு நான்தான் இதைச் சொல்லியாக வேண்டும்.

நாங்கள் தயாரித்தது மூன்று மொழி அகராதி. ஆங்கிலச் சொல், ரஷ்ய மொழியில் அதற்கு இணையான சொல், பிறகு தமிழில் பொருளும் எடுத்துக்காட்டும். இதை யார் வாங்குவார்கள் என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்ட ஒரு மேலாளரை வேறு கிளைக்கு மாற்றிவிட்டார்கள். ஆளுக்கு ஓர் எழுத்து என்று பிரித்துக் கொடுத்தபோது இவருக்குக் 'கே' வந்தது. 'நாலெட்ஜ்' என்ற சொல்லில் வந்து உட்கார்ந்தவர் நாலு வருஷம் எழுந்திருக்கவே இல்லை. அதனால் நாலெட்ஜ் சார்.

அறிவு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாமே என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள். பொதுவான அறிவு என்றால் ரஷ்ய மொழியில் 'ஸ்னானியே'. படித்துப் படித்துச் சேர்த்து வைத்தது 'பஸ்னானியா'. ஓர் ஆளைப் பழகித் தெரிந்து வைத்திருப்பது 'ஸ்னகோம்ஸ்த்வா'. நடப்பு விவரம் தெரிந்திருப்பதற்கு 'அஸ்வெதம்ல்யோன்னஸ்த்' என்று ஒன்று. அதைத் திருத்தமாகச் சொல்லிக் காட்டப்போய் ஒருநாள் அவருடைய கட்டுப்பல் என் தட்டச்சு இயந்திரத்தில் விழுந்தது. கடைசியாக, ஒருவருக்குத் தெரியாமல் ஒன்றைச் செய்வது, 'பெஸ் வேதமா'. இந்த ஐந்தாவதற்கு மட்டும் நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காமல் மனிதர் சோறு தண்ணி இல்லாமல் அலைந்தார்.

அலைவதற்குக் காரணம் எங்கள் அலுவலகச் சட்டம். எடுத்துக்காட்டை நாமாகப் புனையக் கூடாது. யாராவது நிஜமாகவே பேசியிருக்க வேண்டும். கேட்ட தேதியையும் இடத்தையும் சேர்த்து அட்டையில் எழுதி, எந்தச் சொல்லுக்குப் பொருந்துமோ அந்தப் பெட்டியில் போட வேண்டும். மற்றவர்கள் வாரத்துக்கு நாலு அட்டை எழுதினால் இவர் நாற்பது எழுதுவார். பஸ்ஸில் இரண்டு பேர் அடித்துக்கொண்டால் விலக்கிவிட மாட்டார், எழுதுவார். எழவு வீட்டில் யார் அதிகமாக அழுகிறார்களோ அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வார். 'என்ன பொறுமையா கேக்குறார் பாருங்க' என்று புதிதாக வேலைக்கு வந்தவர்கள் உருகிப்போவார்கள், அட்டையைப் பார்க்கும் வரை.

அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அளந்து பேசுகிறவர். "எங்க வீட்டுல பேசினா வாக்கியம் சுத்தமா இருக்கும்" என்று இவர் சொல்வார். பதினெட்டு வருஷத்தில் மனைவியைப் பற்றி அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே பாராட்டு அது.

பதினேழாம் தேதி காலை பதினொரு மணி. ஐந்தாவது பொருளுக்கான அட்டை ஒருவழியாக என் மேசைக்கு வந்தது. 'அவருக்குத் தெரியாமலே ஆபரேஷனுக்கு நாள் வாங்கிட்டேன், பதினேழாம் தேதி ரெண்டு மணிக்கு. – 14ஆம் தேதி, வீட்டில்.' தட்டச்சு செய்ய எடுத்த விரல் அப்படியே நின்றுவிட்டது.

"சார், இது யார் சொன்னது?"

"எங்க வீட்டுல. தங்கச்சிகிட்ட போன்ல பேசிட்டிருந்தா. எப்படி வாக்கியம்? ஒரு சொல் கூடல, ஒரு சொல் குறையல."

"யாருக்கு சார் ஆபரேஷன்?"

பேனாவை மூடியவர் திரும்பத் திறந்தார். "அதக் கேக்கல."

"ஏன் கேக்கல?"

"எழுதிட்டிருந்தேம்மா."

"டீச்சர் இப்போ எங்க?"

"தங்கச்சி வீட்டுல பத்து நாள் இருந்துட்டு வர்றேன்னா. சரின்னேன்."

தங்கை நம்பரை வாங்கி நானே பேசினேன். டீச்சர் ஆஸ்பத்திரியில் இருந்தார். இதயத்தில் வால்வு கோளாறு. அத்தானிடம் சொல்லக் கூடாது என்று தங்கையிடம் சத்தியம் வாங்கியிருந்தாராம்.

வாடகைக் கார் வருவதற்குள் எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது. மற்ற பெட்டிகளைக் கிளறினேன். 'மூச்சு' என்பதற்கு: 'ரெண்டு படி ஏறினாலே மூச்சு முட்டுது. – மார்ச், சமையலறை.' 'நெஞ்சு' என்பதற்கு: 'நெஞ்சுக்குள்ள யாரோ கதவத் தட்டுற மாதிரி இருக்கு. – மே, மொட்டைமாடி.' 'தனியாக' என்பதற்கு: 'தனியா ஆஸ்பத்திரிக்குப் போகக் கால் வர மாட்டேங்குது. – ஜூலை, வாசல்.' எல்லாம் அதே முத்து முத்தான எழுத்து. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வெண்ணெய்க்குத் தேதி போட்டு அடுக்கி வைத்தவரை அன்றுதான் பார்த்தேன். பளாரென்று ஒன்று விடலாம் போல இருந்தது. என்ன செய்வது, பதவியில் என்னைவிட மூத்தவராய்ப் போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒரு படிவத்தோடு வந்தாள்.

"என்ன மாத்திரை சாப்பிடுறாங்க?"

"தெரியாது."

"எந்த மருந்தாவது ஒத்துக்காதா?"

"தெரியாது."

"ரத்த வகை?"

அவர் என்னைப் பார்த்தார். நான் என்ன அகராதியா? மூன்றுக்கும் தங்கைதான் பதில் சொன்னாள். "நீங்க அவங்களுக்கு யாரு?" என்று நர்ஸ் கேட்டாள். நியாயமான கேள்வி. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள்; இவருடைய சுரைக்காய் ரஷ்ய மொழியில் வேறு இருந்தது.

உள்ளே டீச்சர் பச்சை அங்கியில் படுத்திருந்தார். எங்களைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றார் இவர்.

"சொன்னேனே. ஆறு மாசமா சொன்னேன். நீங்க எழுதிக்கிட்டீங்க." டீச்சர் கோபப்படக்கூட இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "ஒரு தடவையாவது 'அப்புறம்?'னு கேட்டீங்களா?"

இவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இந்த மனிதரைப் பார்த்து எனக்குப் பரிதாபம் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. மணி ஒன்றே முக்கால் ஆகியிருந்தது. தள்ளுவண்டியோடு இரண்டு ஊழியர்கள் வாசலில் வந்து நின்றார்கள்.

"அப்புறம்?" என்றார்.

டீச்சர் அவரையே பார்த்தார். பிறகு முகம் கோணி அழுகை வந்தது. "பயமா இருக்குங்க."

"அப்புறம்?"

"போன மாசம் ஒருநாள் கிளாஸ்ல..." என்று ஆரம்பித்தார். அதற்குள் வண்டியில் ஏற்றிவிட்டார்கள். இவர் குனிந்து காதைக் கொடுத்தபடி கூடவே ஓடினார். ஆபரேஷன் அறைக் கதவு மூடும்போது டீச்சர் சொல்லவந்ததில் பாதியில் இருந்தார்.

நாங்கள் எவ்வளவு கூப்பிட்டும் அவர் அந்தக் கதவைவிட்டு நகரவில்லை. டாக்டர் வெளியே வந்து நல்லபடியாக முடிந்தது என்று சொன்ன பிறகும் அங்கேயே நின்றார். மறுநாள் காலை டீச்சர் கண் விழித்தார். நாலெட்ஜ் சார் கட்டிலுக்குப் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து கேட்டார்:

"கிளாஸ்ல என்ன ஆச்சு?"