தீப்பெட்டி இல்லாத வகுப்பு

அறிவியல் பரீட்சைக்குப் படிக்கும் பேத்தி, எரியும் மெழுகுவத்தியின் மேல் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தாள். சுடர் அணைந்தது. அந்தப் புகை வாசனையில், சிவகாசிப் பக்கம் நான் படித்த எட்டாம் வகுப்பு நினைவுக்கு வந்துவிட்டது.

அன்றும் இதே சோதனைதான். வெளியூரிலிருந்து வந்த வாத்தியார் தீப்பெட்டி கேட்டார். யாரிடமும் இல்லை.

"அம்மா பட்டாசு ஆலையிலருந்து வெடிமருந்து ஒட்டுன சேலையோட வருவாக சார். பையில தீப்பெட்டி இருந்தா தோல உரிச்சிருவாக" என்றாள் செல்லத்தாய்.

"அப்ப சோதனை கிடையாது" என்று வாத்தியார் புத்தகத்தை எடுத்தார்.

எங்களுக்கு மனசு ஆறவில்லை. அலமாரியிலிருந்த லென்ஸை நான் எடுத்து ஜன்னலோர வெயிலில் பிடித்தேன். செல்லத்தாய் தேங்காய் நாரைச் சுருட்டி நீட்டினாள். முத்து குனிந்து ஊதினான். நார் பற்றிக்கொண்டது. வகுப்பே கூவியது.

"தாத்தா, மறுபடி பத்தவைக்கணும், தீப்பெட்டி எங்கே?" என்றாள் பேத்தி.

பேப்பர் படிக்கும் லென்ஸை எடுத்துக்கொண்டு, "வெயிலுக்கு வா" என்றேன்.