ஆமையின் வேக வண்டி

பழைய பல் பிரஷ்ஷால் ரிமோட் வண்டியின் சக்கர இடுக்கில் ஒட்டிய மண்ணைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார் ஆமை. சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரித்திருக்கிறது. நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, கைக்குழந்தைக்குக் காது துடைக்கிற பதத்தில் தேய்க்கிறார். "உங்க பல்லை இவ்ளோ நேரம் தேய்ச்சிருந்தா பல் டாக்டர் கடையை மூடிட்டுப் போயிருப்பாரு" என்று தையல் மிஷின் பக்கமிருந்து மனைவியின் குரல் வருகிறது. ஆமைக்கு அது காதில் விழாது. விழுந்தாலும் விழாது.

ஆமை என்பது பள்ளிக்கூட வேன் பிள்ளைகள் தங்கள் டிரைவருக்கு வைத்த பெயர். சைக்கிள்காரர்கள்கூட அந்த வேனை முந்திப் போவார்கள். அடுத்த தெருவில் வேகத்தடை என்றால் இந்தத் தெருவிலேயே கால் பிரேக்குக்குப் போய்விடும். ஏன் தாமதம் என்று கேட்கும் தாய்மாரிடம், "பின்னாடி இருக்கிறது மூட்டை இல்லம்மா, பிள்ளைங்க" என்பார். வாரமெல்லாம் அடக்கி வைத்த வேகம் ஞாயிறு காலையில், கிடங்குக்குப் பின்னாலுள்ள காலி மைதானத்தில்தான் வெளியே வரும். முழங்கை நீள வண்டி மண்மேட்டில் ஏறிப் பறந்து, நாலு சக்கரமும் ஒன்றாகத் தரை தொடும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். வேன் பிள்ளைகளுக்கே அடையாளம் தெரியாது.

வண்டியின் விலை தெரிந்த நாளிலிருந்து வீட்டில் அதே பேச்சு. மனைவியின் தம்பி பிளாஸ்டிக் சாமான் கடைக்காரர். அதே அளவில் சிவப்பு வண்டி ஒன்றை வாளி விலைக்கு விற்கிறவர். அவர் ஏற்றிவிட்டதில், "அதுவும் ஓடுது, இதுவும் ஓடுது. ஞாயித்துக்கிழமை நானே வந்து பாக்கறேன். பெரிய வித்தியாசம் இல்லேன்னா வித்துடணும்" என்று மனைவி தீர்த்துச் சொல்லிவிட்டார். அவர் சொன்னால் சொன்னதுதான். ஆமைக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஞாயிறன்று மூவரும் மைதானத்தில் நின்றார்கள். சும்மா சொல்லக்கூடாது, சிவப்பு வண்டி சமதரையில் நன்றாகவே ஓடியது. மேடேறி இறங்கியதும் முன் அச்சு முறிந்து ஒருக்களித்துப் படுத்துவிட்டது.

"அச்சு மட்டும் மாத்திக்கலாமா மாப்ள?" என்று கேட்டார் ஆமை.

"கடைல வண்டி இருக்கு மாமா. அச்சு கிடையாது."

"என் வண்டில உடைஞ்சதையெல்லாம் நானே மாத்தியிருக்கேன்."

"அக்கா, கேட்டுக்கோ! அடிக்கடி உடையுதாம்!"

அக்காவும் சிரித்துவிட்டார். "கொடுங்க இப்படி, அதுல என்னதான் இருக்குன்னு பாக்கறேன்" என்று மனைவி ரிமோட்டை வாங்கிக்கொண்டார்.

விசையைத் தொட்டதுதான் தாமதம், வண்டி பாய்ந்தது. மைதானத்தின் அந்தக் கோடியில் வேலியில்லாத சாக்கடைக் கால்வாய். விரலை ஊசி பதம் பார்க்க வந்தால் தையல்காரர் கை தானாக எங்கே போகும்? மிஷின் சுவிட்சுக்குத்தான். பதறிப்போய் ரிமோட்டையே அணைத்துவிட்டார்.

"ஐயோ, வண்டி ஓடும்போது அதை அணைக்கக் கூடாதும்மா!"

ரிமோட் அணைந்து, சொல்ல ஆளில்லாமல் போனால், கடைசியாகக் கேட்ட சொல்லைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற வண்டிகள் உண்டு. ரிமோட்டின் பேச்சு அறுந்தால் நின்றுவிடு என்று தன் வண்டிக்குள் ஆமை அமைத்து வைத்திருந்தது உண்மைதான். ஆனால் ஒருநாளும் சோதித்துப் பார்த்ததில்லை. ஓடுகிற வண்டிக்கு யார் ரிமோட்டை அணைக்கப் போகிறார்கள்!

சக்கரங்கள் நாலும் இறுகின. வண்டி புழுதியைக் கிளப்பிச் சறுக்கிக்கொண்டே போய், கால்வாய் விளிம்புக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

ஆமை அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"வண்டியைத் தொலைச்சுட்டேன்னு நெனச்சேன்" என்றார் மனைவி.

"நம்ம கடை வண்டியா இருந்தா இந்நேரம் நீச்சல் அடிச்சிருக்கும்" என்று தம்பியும் ஒப்புக்கொண்டார்.

மனைவி நடந்துபோய் வண்டியை இரண்டு கையாலும் தூக்கி வந்து ஆமையின் மடியில் வைத்தார். கைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார். "ஆடாம பிடிங்க, உறை தைக்கணும்" என்று சொல்லி, வண்டியின் நீளத்தை அளந்தார், அகலத்தை அளந்தார், உயரத்தையும் அளந்து, மடித்துத் தைக்க இரண்டு விரல் கூட்டிக்கொண்டார்.