கும்மி மெட்டில் ஏழாம் வாய்ப்பாடு

எண்பதுகளில், செஞ்சிப் பள்ளியில், வாய்ப்பாட்டை நான் கும்மி மெட்டில்தான் சொல்லிக்கொடுத்தேன். ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒரு சிறுமியிடம், "எட்டேழு எவ்வளவு?" என்றார். அவள் கைதட்டி, 'ஓரேழ் ஏழு' என்று பாடத் தொடங்கினாள்.

"பாட்டு வேணாம், பதில் சொல்லு."

"பாடுனாத்தான் சார் வரும்."

வகுப்பே சேர்ந்து பாடி ஐம்பத்தாறில் நின்றது. அதிகாரி பாட்டை நிறுத்தச் சொல்லிப் பதிவேட்டில் எழுதினார். படித்ததற்குக் கையெழுத்துப் போட்டேன், நிறுத்துவதாகச் சொல்லவில்லை.

மாலையில் அவித்த மல்லாட்டை வாங்கப் பேருந்து நிலையம் போனேன். அங்கே அந்த அதிகாரி அதே வேர்க்கடலையை உரித்துத் தின்றபடி, காலால் தாளம் தட்டி, ஏழாம் வாய்ப்பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"ஒன்பதேழுல தாளம் தப்புது சார்" என்று திருத்திவிட்டுக் கடலைக்காரியிடம் திரும்பினேன்.