பத்தாங் காலி மேடு ஏறாத வேன்

வேன் இழுக்கவில்லை என்பதற்காக எந்தப் பொம்பளையாவது புருஷனை விட்டுப் போவாளா? தனேஸ்வரி போய்விட்டாளாம். கொழுப்பாம். சமையல்காரிக்கு இத்தனை ரோஷமா என்று மீன் வாங்குகிற இடத்தில் பேசுகிறார்கள். அவள் ஆக்கிப்போட்ட கோழிப் பிரட்டலை விரல் சூப்பித் தின்ற வாய்கள்தான் எல்லாம்.

அந்த வேன் ஓடாத வேன் இல்லை. அவர்கள் ஊரான கோலா சிலாங்கூரிலிருந்து செகிஞ்சான் வரை வயல்வெளி ரோடு. தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரி சமம். அண்டா, அடுப்பு, அரிசி மூட்டை எல்லாம் ஏற்றிக்கொண்டு அவள் கல்யாணத்துக்கும் காரியத்துக்கும் சமைக்கப் போய் வருவாள். வண்டி முனகாது.

கெர்லிங்கில் அவளுடைய அக்காள் கலாவதிக்குச் சாப்பாட்டுக் கடை. "சாமானைத் தூக்கிக்கிட்டு வாடி, ரெண்டு பேருமா சேர்ந்து நடத்தலாம்லா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். தனேஸ்வரியும் கிளம்புவாள். வழியில் பத்தாங் காலி மேட்டுக்கு வந்ததும் வேனுக்கு மூச்சு முட்டும். எவ்வளவு மிதித்தாலும் குலுங்கி நின்றுவிடும். ஓரங்கட்டிக் கொஞ்சம் பொறுத்தால் கிளம்பும். நாலு முழம் போய் மறுபடி படுக்கும். திரும்பித்தான் வர வேண்டும். ஒரு தடவையா இரண்டு தடவையா.

புருஷன் திருச்செல்வம் வண்டிப் பட்டறை வைத்திருக்கிறவன். பிளக்கை மாற்றினான், ஏர் பில்டரைத் தட்டினான். "வண்டிக்கு ஒண்ணுமில்ல. ஓட்டறவ காலுதான் சரியில்ல" என்பான், பட்டறையில் நிற்கிறவர்கள் சிரிக்கும்படி. கேட்டுக் கேட்டு அவளும் நம்பிவிட்டாள். தன் உலகம் அந்த மேட்டடியோடு முடிந்தது என்றே இருந்தாள்.

ஒரு நாள் காலையில் அவன் லோரி ஒன்றைப் பார்க்க சுங்கை பஞ்சாங் போயிருந்தான். அவள் அண்டாக்களை வேனில் வைத்துத் தண்ணீர் நிரப்பி ஆற்றுப் பாலத்தில் ஏற்றினாள். பாதிப் பாலத்தில் திணறி நின்றது. தண்ணீரில் பாதியைக் கொட்டினாள், ஏறிவிட்டது. காலில் குற்றமில்லை. கேஸ் குழாய் மடங்கியிருந்தால் சிறுதீ எரியும், பெருந்தீ கேட்டால் வராது. அவளுக்குத் தெரியாத அடுப்பா?

வீட்டுக்கு வந்து, எஞ்சின் ஆறியதும் சீட்டைத் தூக்கினாள். பெட்ரோல் வரும் ரப்பர் குழாயைத் தடவிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் கறுப்பு டேப். பிரித்தால், குழாயின் கழுத்தை இறுக்கிக்கொண்டு ஒரு கம்பி. கையைக் கிழிக்காதபடி அதன் முனை உள்ளே மடக்கியிருந்தது. அவள் அடுப்புக் குழாய் கழலாமலிருக்க அவன் கட்டிய கம்பியின் முனையையும் அப்படித்தான் மடக்கியிருந்தான்.

மத்தியானம் அவன் சாப்பிட உட்கார்ந்தபோது, தட்டின் பக்கத்தில் கம்பியை வைத்தாள்.

அவன் அதைத் தொடவில்லை. "இங்கிட்டு ஓடறதுக்கு ஒரு குறையும் வைக்கலையே" என்றான்.

"மேட்டுல நட்டநடு ரோட்டுல நின்னேனே. பின்னாடி லோரி வந்துச்சு. அப்பவும் சொல்லலையே நீங்க."

"கெர்லிங் போனா நீ திரும்பி வருவியா?"

அதுவரை திரும்பி வருகிற எண்ணத்தில்தான் இருந்தாள்.

"சாப்பிடுங்க, ஆறிடும்" என்று இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். பெரிய அண்டாவை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, ஆணியில் தொங்கிய வேன் சாவியை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள்.