ஐந்து பேர் உண்ட சஹன்

குறிஞ்சிப்பிட்டி நளீரின் தொண்டையைப் பற்றிச் சொன்னால் வெளியூர்க்காரர் நம்பமாட்டார்கள். வெங்காயப் பாத்தியில் நின்றபடி அவர் வட்டி வீதத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால், கடல்நீர்க் களப்புக்கு அக்கரையில் புத்தளத்துக் காகங்கள் எழும்பிப் பறக்கும். டொலர் விலையைத் தொட்டாரென்றால் அந்தக் காகங்கள் அன்றைக்கு மரத்துக்குத் திரும்புவதே இல்லை.

அப்படிப்பட்ட தொண்டைக்கு ஊரில் இருந்தது ஒரேயொரு காதுதான். தங்கை நஸ்லாவின் புருஷன் ஜவ்பருடைய காது. நளீரின் மனைவி மவுத்தாகிப் பல காலம். ஒரே மகள் றைஸா புருஷனோடு கட்டாரில். அதனால் பின்னேரத்தில் அசர் தொழுதுவிட்டு நளீர் நேரே தங்கை வீட்டுக்குப் போவார். ஜவ்பர் அப்போதுதான் களப்பிலிருந்து வந்து வலையை உதறிக்கொண்டிருப்பார். நஸ்லா இரண்டு தேத்தண்ணிக் கோப்பைகளை வைத்துவிட்டு நடுவில் உட்காருவாள். சண்டை ஆரம்பமாகும்.

வாங்கின கடனைக் கட்ட முடியாமல் நாடு வங்குரோத்தாகி, எண்ணெய்க்கு வரிசையில் நின்ற வருஷத்தில்தான் அந்தச் சண்டை முற்றியது. நளீரின் எண்ணெய்க் கான் தண்ணீர்ப் பம்புக்கு, ஜவ்பரின் கான் வள்ளத்து எஞ்சினுக்கு. அந்த வரிசையின் நீளத்தை என்னவென்று சொல்வது? முன்னால் நின்றவனுக்குக் கல்யாணம் நடந்த செய்தி கடைசியில் நின்றவனை எட்டும்போது, முன்னால் நின்றவனுக்குப் பிள்ளை பிறந்துவிட்டது. அவ்வளவு நேரமும் இவர்கள் இருவரும் கான்களின் மேல் உட்கார்ந்து அரசாங்கம் நடத்தினார்கள்.

இல்லாத காசை அச்சடித்து அள்ளி வீசியதால்தான் விழுந்தோம் என்பது நளீரின் கட்சி. வரி கூடட்டும், மானியம் போகட்டும், கொஞ்சக் காலம் வயிற்றை இறுக்கினால் நாடு நிமிர்ந்துவிடும். இறுக்குவதற்கு வயிறு இருக்கிறவன் இறுக்கட்டும் என்பது ஜவ்பரின் கட்சி. எண்ணெய்க்கு மானியம் கொடுத்தால் வள்ளம் ஓடும், வள்ளம் ஓடினால் கடைக்குக் காசு வரும், நாடு நிமிர்வதென்றால் அதுதான். பிறகு டொலர் இறங்கியபோது நளீர் தான் வென்றதாகச் சொன்னார். கரண்ட் பில் வந்தபோது ஜவ்பர் தான் வென்றதாகச் சொன்னார். எலக்சன் வந்தபோது இருவரும் எதிரெதிர்க் கூட்டங்களுக்கு ஒரே மோட்டார் சைக்கிளில் போய், ஒரே மோட்டார் சைக்கிளில் திரும்பி வந்தார்கள்.

எல்லாம் உடைந்தது அயல்வீட்டு ஜெமீலாவின் மகளுடைய கல்யாணத்தில்.

எங்கள் விருந்தில் தனித்தனித் தட்டு கிடையாது. சஹன் என்கிற பெரிய தட்டில் சோற்றைக் குவித்து, அதைச் சுற்றி ஆறு பேர் உட்காருவார்கள். ஆறும் நிறையாமல் யாரும் கை வைப்பதில்லை. கை வைத்த பிறகு முடியும்வரை யாரும் எழும்புவதுமில்லை. வயதில் மூத்தவர் கோழியைப் பிய்த்து ஆளாளுக்குப் பங்கு போடுவார். நளீரும் ஜவ்பரும் எந்த விருந்திலும் ஒரே சஹன்தான். பங்கு போடுவது நளீர்.

அன்றைக்கு அவர் கோழியைப் பிய்த்துக்கொண்டிருக்கும்போது ஜவ்பர் மற்றவர்களிடம், "பாருங்க, மச்சான்ட கட்சி இப்பிடித்தான். பெரிய துண்டைக் கடன் தந்தவனுக்கு எடுத்து வெச்சிட்டு எலும்பை நமக்குத் தருவாங்க" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். நளீருக்கு உடனே ஒரு பதில் வந்து விழுந்தது. நல்ல பதில் என்றுதான் அவர் நினைத்தார்.

"அரசாங்கத்துக்கிட்ட கைநீட்டித் திண்டு பழகின ஊட்டுக்கு எலும்பும் ருசிதானே."

ஒருவரும் சிரிக்கவில்லை. நஸ்லாவுக்குச் சிறுநீரக வருத்தம். அந்த வீட்டுக்கு மாதாமாதம் வந்த உதவிப்பணம் அவளுடைய வருத்தத்துக்காக வந்தது என்பது ஊரறிந்த விஷயம். ஜவ்பர் கையில் பிசைந்த சோற்றைத் திரும்பச் சஹனில் வைத்தார். எழும்பினார். கை கழுவாமலே வாசலைத் தாண்டிப் போனார். மிச்சம் ஐந்து பேர் தலையைக் குனிந்துகொண்டு தின்றார்கள்.

அதற்குப் பிறகு நளீர் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. வாவென்று அங்கிருந்து யாரும் கூப்பிடவுமில்லை. அசர் தொழுதுவிட்டு வெளியே வரும் அவரது கால்கள் பழக்கத்தில் இடது பக்கம் திரும்பும். இரண்டு எட்டு வைத்த பிறகுதான் நினைவு வந்து, வேலியில் எதையோ பார்ப்பது போல நின்றுவிட்டு வீட்டுக்கு நடப்பார். வீட்டில் ரேடியோவோடு வாதாடினார். ரேடியோ பதில் சொல்லாமல் அடுத்த செய்திக்குப் போய்விடும். பிறகு பூனையோடு வாதாடினார். அது கொஞ்சக் காலம் அவருடைய கட்சியில் இருந்து மீன் தலை வாங்கித் தின்றது. பிறகு எதிர்க்கட்சிக்குத் தாவி, ஜவ்பரின் வள்ளத்தடியில் போய்ப் படுத்துக்கொண்டது. சில நாட்களில் வெங்காயம் எடுக்க வந்த வியாபாரியிடம் சொன்ன விலையைத் தவிர அவர் வாயிலிருந்து வேறு சொல்லே வரவில்லை. அக்கரைக் காகங்கள் கொழுத்துப் போயின.

றைஸா ஒவ்வொரு முறை கட்டாரிலிருந்து கோல் எடுக்கும்போதும், "வாப்பா, மாமி ஊட்டுக்குப் போங்களேன்" என்பாள். டொலர் இறங்கினது யாரால் என்று ஜவ்பர் ஒத்துக்கொண்டால் போவேன் என்பார் நளீர். மகள் பேசாமல் இருப்பாள். அந்தப் பேசாமையை அவர் லைன் பிழை என்று நினைத்துக்கொண்டு ஹலோ, ஹலோ என்பார்.

நோன்புப் பெருநாளைத் தனியாகக் கழித்த பிறகு அவர் ஒரு முடிவுக்கு வந்தார். தோற்றுவிடுவது.

ஊரில் அடுத்து நடந்த நிஸ்ரினின் கல்யாண விருந்தில் முதல் ஆளாகப் போய் ஒரு சஹனில் உட்கார்ந்தார். பக்கத்து இடத்தில் தன் முகம் துடைக்கும் லேஞ்சியை விரித்து வைத்தார். மற்றச் சஹன்கள் நிறைந்தன. இந்தச் சஹனுக்கு நாலு பேர் வந்து சேர்ந்தார்கள். லேஞ்சி யாருக்கென்று தெரிந்ததால் ஒருவரும் அதைத் தொடவில்லை. சோறு ஆறியது. கடைசியில் ஜவ்பர் வந்தார். வேறெங்கும் இடமில்லை. லேஞ்சியை மடித்து நளீரின் மடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

நளீர் கோழியை அவர் பக்கம் தள்ளினார்.

"நீ பங்கு போடு, மச்சான். நீ சொன்னதுதான் சரி. அரசாங்கம் செலவழிக்கத்தான் வேணும்."

நம்பாத ஒரு சொல்லைச் சொல்வதைவிடச் சுறா முள்ளை விழுங்குவது அவருக்குச் சுகமாக இருந்திருக்கும். ஜவ்பர் கோழியைப் பிய்த்தார். ஒழுங்காகப் பங்கு போட்டார். நளீரின் பங்கை நளீரின் முன்னால் வைத்தார். கடைசிவரை இருந்து தின்றார். கை கழுவுகிற இடத்தில்தான் வாய் திறந்தார்.

"வரிக்கும் மானியத்துக்குமா நான் அண்டைக்கு எழும்பின?"

அடுத்த நாள் அசருக்குப் பிறகு நளீரின் கால்கள் இடது பக்கம் திரும்பின. அவர் அவற்றைத் தடுக்கவில்லை. நஸ்லா முற்றத்தில் கொடியிலிருந்து உடுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். நானா என்று அவள் கூப்பிடும் அண்ணனைக் கண்டும் உடுப்பு மடிப்பதை நிறுத்தவில்லை.

"நாட்டுக் கணக்கெல்லாம் உங்களுக்குப் பாடம், நானா. நான் வருத்தக்காரியாக் கைநீட்டினதையும் அந்தக் கணக்கில சேத்திட்டீங்க."

நளீர் கொடியில் கிடந்த ஒரு உடுப்பை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"உன்னைத்தான் சொன்னேண்டு எனக்கே நேத்துத்தான் வெளங்கின, தங்கச்சி" என்றார்.

அவள் உடுப்புகளோடு உள்ளே போனாள். வெகுநேரம் அவர் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு அவள் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து முருங்கையடியில் போட்டாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. வெறும் தேத்தண்ணி ஒரு கோப்பை வந்தது. நடுவில் உட்கார அவள் வரவில்லை.

வீட்டுக்குள் ரேடியோவில் செய்தி போனது. அரசாங்கம் இந்த வருஷம் செலவைக் கூட்டுகிறதாம், நாடு மீண்டுவிட்டதாம். ஜவ்பர் எழும்பி வந்து ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுவது வெளியே கேட்டது. இன்னும் கூட்டினார். நளீரின் தொண்டை மேலும் கீழும் அசைந்தது. அக்கரையில் காகங்கள் சிறகை விரித்துக் காத்திருந்தன.

அவர் கோப்பையை வாயில் வைத்துத் தேத்தண்ணியைக் குடித்தார். கோப்பையைக் கதிரையடியில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

அடுத்த நாளும் கதிரை வெளியில்தான் கிடந்தது. அவர் போய் அதில் உட்கார்ந்தார்.