தண்ணீர்க் குழாய்க்குள் ஓடிய கரண்ட்

பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். நாளைக்கு அரை லிட்டர் கூடுதலாக வேண்டும் என்று பால்காரரிடம் சொல்வதற்கே தயங்குகிறவள். நாலு பேர் படிக்கும்படி எழுத எனக்கு ஒரு தகுதியும் கிடையாது. பொறுத்துக்கொள்ளுங்கள். வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன்.

குற்றாலத்தில் என் அண்ணனுக்கு ஒரு வீடு இருக்கிறது. சீசனுக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவான். அவன் இருப்பது தென்காசியில். வீட்டைப் பெருக்கித் துடைத்து, சாவி கொடுத்து வாங்குவது என் வேலை. பின்பக்கத்து ஒற்றை அறையில் குடியிருக்கிறேன்.

அந்த வீடு கட்டியபோது மோட்டாருக்கு வாங்கிய தண்ணீர்க் குழாய் ஒரு கட்டு மிஞ்சிவிட்டது. வயரிங் செய்ய வந்தவரிடம், அதற்குள்ளேயே வயரை இழுக்கச் சொன்னான் அண்ணன்.

“அண்ணாச்சி, இது தண்ணி பைப்புல்லா. வயருக்குன்னு தனி பைப்பு இருக்கு. வளைவெல்லாம் வெடுக்குனு மடங்குது. வயரு உரசித் தோலு உரிஞ்சிரும்” என்றார் அவர்.

“வயரு நுழைய ஓட்ட இருக்குல்லா? போடும்வே.”

போட்டுவிட்டார். வெளிச்சுவரில் குளியலறைக்குப் போகும் தண்ணீர்க் குழாயும், கீசருக்கு வயர் போகும் குழாயும் பக்கத்துப் பக்கத்தில் ஓடின. இரண்டும் ஒரே சாதிக் குழாய், ஒரே தடிமன். பிறகு சுவருக்கு அடித்த மஞ்சள் பெயிண்டை அவற்றின் மேலும் அடித்துவிட்டார்கள். எது எது என்று கட்டியவனுக்கே தெரியாது.

அருவிக்கு வருகிறவர்கள் உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்துக் குளிப்பார்கள். அந்த எண்ணெய்த் துணியை எங்கள் குளியலறையில் கொண்டுவந்து அலசுவார்கள். ஒவ்வொரு சீசனிலும் தண்ணீர் போகும் வழி அடைத்துக்கொள்ளும். அதனால் இந்த வருஷம் சாரல் தொடங்கியதும், துணி அலச வெளியில் ஒரு குழாய் வைத்துவிடலாம் என்று அண்ணனே பிளம்பரை அனுப்பினான். மறுநாள் புளியங்குடியிலிருந்து ஒரு எலுமிச்சை வியாபாரியின் குடும்பம், குழந்தை குட்டிகளோடு வேனில் வருவதாக இருந்தது.

பிளம்பர் பல வருஷமாக எங்கள் வீட்டுக்கு வருகிறவர். அடைப்பை எட்டிப் பார்த்துவிட்டு, “யக்கா, இம்புட்டு எண்ணெய்க்கு நீங்க ஒரு வடைக்கடையே போட்டுருக்கலாமே” என்றார். நான் சிரித்தேன். மேலே ஏறித் தொட்டி வால்வை அடைத்தார். குளியலறையில் குழாயைத் திறந்து, தண்ணீர் நின்றதை என்னையும் பார்க்கச் சொன்னார். அவர் தொழிலுக்கு வேண்டிய ஜாக்கிரதை அவ்வளவுதான். தண்ணீர்க் குழாயை அறுக்கிறதற்கு யார் மெயினை அணைப்பார்கள்?

இரண்டுமே தண்ணீர்க் குழாய் என்று நினைத்து, கைக்கு வாட்டமாக இருந்ததில் ரம்பத்தை வைத்தார். ஒன்றில் வயர் ஓடுவது எனக்கும் அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. நாலு இழுப்பு இழுத்திருப்பார். பட்டென்று ஒரு சத்தம், நீல வெளிச்சம். சாரலில் நனைந்த தரையில் மல்லாக்க விழுந்தார். உள்ளங்கை கருகிவிட்டது. நான் கத்தியதில் எதிர்க்கடைக்காரர் ஓடிவந்து மெயினை அணைத்தார். ஆட்டோவில் ஏற்றித் தென்காசிக்குக் கொண்டுபோனோம். உயிர் தப்பினார்.

திரும்பி வந்தபோது, சேதி கேட்டு வந்த அண்ணன் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தான். அந்த மனுஷர் எப்படி இருக்கிறார் என்று கேட்கவில்லை. அறுத்த குழாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

“கண்ணு தெரியாதவன்லாம் பிளம்பர் வேலைக்கு வாரானுவ. ஆள் அனுப்புதேன். டேப்பச் சுத்தி, துண்டு பைப்ப ஒட்டிப் பெயிண்ட் அடிச்சிருவான்.”

“உள்ளயும் எல்லாச் சுவத்துலயும் இந்தப் பைப்புதான அண்ணே? வயரு உரசும்னு வயரிங் போட்டவரு அன்னைக்கே சொன்னாரே. நாளைக்கு வாறது பச்சப்பிள்ளைய.”

“பிள்ளைய என்ன, ரம்பம் கொண்டா வருதாவ? அதுவும் பிளாஸ்டிக்கு, இதுவும் பிளாஸ்டிக்கு. நீ எப்பட்டி இஞ்சினியர் ஆன?”

நான் இஞ்சினியர் இல்லைதான். ஆனால் பூச்சி மருந்தைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றிப் பரணில் வைப்பவனுக்கும் இவனுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு விளங்கவில்லை. குழாயைப் பார்த்ததும் உள்ளே இருப்பது இன்னது என்று தெரிய வேண்டும். அதை நம்பித்தானே ஒருவர் கை வைக்கிறார்? வீட்டைக் கட்டியவன் செய்த பொய்யை, அதற்குப் பிறகு அந்தச் சுவரைத் தொடுகிறவர்கள் எல்லாரும் சுமக்க வேண்டுமா? ஒரு கட்டு குழாய் வீணாகக் கூடாது என்று பார்த்தவன், ஒரு மனுஷன் கை வீணானதைப் பார்த்துக் கண் தெரியாதவன் என்கிறான். இப்படி மிச்சம் பிடித்துக் கட்டிய வீடு இந்த ஊரில் இன்னும் எத்தனை இருக்கிறதோ.

“அண்ணே, எல்லாத்தையும் பிரிச்சு வேற பைப்பு போடு. அதுவரைக்கும் ஆளை விடாத” என்றேன். அவனை எதிர்த்து நான் பேசியது அதுதான் முதல் தடவை.

“ஒழுங்கா நாளைக்குச் சாவியக் குடு” என்று சொல்லிவிட்டுப் பைக்கை எடுத்தான். சாயங்காலம் ஆள் வந்து ஒட்டிப் பெயிண்ட் அடித்துவிட்டுப் போனான். லைட் எரிந்தது.

மறுநாள் காலையில் வேன் வந்தது. வாசலிலேயே நின்று அந்த வீட்டுப் பெண்களிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர்கள் வேறு வீடு பார்க்கப் போய்விட்டார்கள்.