ஓ பாசிட்டிவ் என்று எழுதிய கை

மர்பி டவுனில் மௌரீன் அக்கா நடந்து போவதைப் பார்க்காதவர்கள் இல்லை. நின்று பார்த்தவர்கள் குறைவு. காலை ஏழு ஐம்பதுக்கு வீட்டைப் பூட்டுவார். நாலடி போவார். திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். சில நாள் தெருமுனை வரை போய்விட்டும் திரும்புவார். எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து பார்க்கிறவனுக்கு, பூட்டு அவரிடம் ஏதோ கேட்டுக்கொண்டே இருப்பது போலவும் அவர் பதில் சொல்லிச் சலித்துவிட்டது போலவும் தோன்றும்.

கன்டோன்மென்ட் பக்கம் ஒரு அறக்கட்டளை மருத்துவமனையின் ரத்த வங்கியில் அவர் டெக்னீஷியன். 1979-இல் சேர்ந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா காலமான பிறகு வீட்டில் அவரும், அவென்யூ ரோடு நடைபாதையில் வாங்கிய ஒரு தடித்த புத்தகமும்தான். அட்டை கிழிந்த அந்தப் புத்தகத்தில் இதயத்தையும் ரத்தத்தையும் பற்றி மனிதர்கள் எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டார்கள் என்று எழுதியிருந்தது. ரேஷன் வரிசையில் பக்கத்தில் நிற்பவரிடம் அவர் அதைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

ஈரல்தான் ரத்தத்தை ஊற வைக்கிறது, உடம்பு அதைக் குடித்துத் தீர்த்துவிடுகிறது என்று ஆயிரத்து நானூறு வருஷம் நம்பினார்கள். ஹார்வி என்று ஒருவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். அரைமணி நேரத்தில் இதயம் தள்ளும் ரத்தம், உடம்பில் இருக்கிற மொத்த ரத்தத்தைவிட அதிகமாக வந்தது. அப்படியானால் அதே ரத்தம்தான் சுற்றி வருகிறது. பிறகு பாரிஸில் ஒரு பையனுக்கு ஆட்டு ரத்தம் ஏற்றினார்கள். அவன் பிழைத்தான், பின்னால் வந்த ஒருவன் செத்தான், ரத்தம் ஏற்றுவதையே தடை செய்தார்கள். வியன்னாவில் ஒருவர் தன் ரத்தத்தையும் கூட வேலை செய்தவர்களின் ரத்தத்தையும் மாற்றி மாற்றிக் கலந்து பார்த்து, ரத்தத்தில் வகைகள் உண்டு என்று கண்டுபிடித்தார். அதற்கே 1900 ஆகிவிட்டது.

எல்லாக் கதையையும் அவர் ஒரே மாதிரி முடிப்பார். ஒவ்வொரு கண்டுபிடிப்புக்கு முன்னாலும், அதே விஷயம் கண்ணில் பட்டும் சும்மா தாண்டிப் போன ஒருவன் இருந்திருப்பான் என்பார். அந்த ஒருவன் மேல் அவருக்குத் தீராத கோபம் இருந்தது.

1996 பொங்கல் முடிந்த வாரம் பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் ரத்ததான முகாம் நடந்தது. முகாமில் விரல் நுனியில் குத்தி, வெள்ளைப் பீங்கான் ஓட்டின் மேல் மூன்று சொட்டு வைப்பார்கள். முதல் சொட்டில் நீல மருந்து, இரண்டாவதில் மஞ்சள் மருந்து, மூன்றாவதில் நிறமில்லாத மருந்து. எது திரிகிறது என்பதை வைத்து வகை தெரியும். ஆனால் அது முதல் பார்வைதான். லேபுக்கு வந்து, ரத்தத்தின் தெளிந்த நீரான சீரத்தையும் தனியாகப் பிரித்துச் சோதித்த பிறகே கார்டு எழுத வேண்டும் என்பது விதி. அந்தத் தொழிற்சாலையிலோ ஆட்களின் பேட்ஜில் ரத்த வகையை அச்சிட அன்றைக்கே கார்டு கேட்டார்கள். ஷிஃப்ட் முடிந்து பஸ் கிளம்ப இருந்தது. கையில் ஜூஸ் டம்ளரோடு இன்னும் எழுபது பேர் வரிசையில் நின்றார்கள். மௌரீன் ஓட்டிலிருந்த சொட்டுகளைப் பார்த்தே எழுதிக் கொடுத்தார். எல்லா முகாமிலும் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள்.

அந்த வரிசையில் வைத்தீஸ்வரன் என்ற லேத் ஆபரேட்டர் ஒருவர் இருந்தார். திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர், அப்போது முப்பத்தொரு வயது. நாடி சரியில்லை என்று சொல்லி முகாம் டாக்டர் அவரிடம் ரத்தம் எடுக்கவில்லை. கார்டு மட்டும் கிடைத்தது. ஓ பாசிட்டிவ்.

1999 ஜூலையில் ஒரு புதன்கிழமை அதே வைத்தீஸ்வரன் மௌரீன் வேலை செய்த மருத்துவமனையின் இதயப் பிரிவில் படுத்திருந்தார். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதயத்தின் ஒரு வால்வைச் சுருக்கி, பொத்தான் துளை அளவுக்குக் கொண்டுவந்திருந்தது. திங்கள்கிழமை ஆபரேஷன். மார்பைத் திறந்து, இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போதே அதற்குள் விரலை விட்டு வால்வை விரிக்கிற பழைய முறை. கையிருப்பாக இரண்டு பை ரத்தம் கேட்டிருந்தார்கள். அவர் மனைவி வனஜா கொடுத்த கார்டு சீட்டோடு சேர்த்துக் குத்தியிருந்தது.

முதல் பை ஓ. வைத்தீஸ்வரனின் சீரத்தில் அதன் சிவப்பணுக்களைக் கலந்ததும் பாலில் எலுமிச்சை விழுந்தது போலத் திரண்டது. இரண்டாவது பையும் அப்படியே. ட்யூப் சரியாகக் கழுவவில்லை என்று ஜூனியர் பாலகுமார் புது ட்யூப் எடுத்து வந்தான். மதியத்துக்குள் ஃபிரிட்ஜில் இருந்த பதினோரு ஓ பைகளும் திரண்டன. மௌரீன் மேஜைக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தார். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார், மூடினார். கை கழுவினார். கழுவிய கையை மறுபடி கழுவினார்.

ஓவுக்கு ஓ சேராமல் போகிற ஒரு வகை உண்டு. 1952-இல் பம்பாயில் கண்டுபிடித்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஓ மாதிரியே இருக்கும். ஆனால் ஓ ரத்தத்திலும் இருக்கிற ஒரு அடிப்படைப் பொருள் இவர்களிடம் கிடையாது. அதனால் தங்கள் வகையைத் தவிர உலகத்தின் எல்லா ரத்தமும் இவர்களுக்கு அந்நியம். நம் ஊரில் ஏறக்குறைய பத்தாயிரம் பேரில் ஒருவர். சீரத்தை ஓ அணுக்களோடு ஒரு முறை கலந்து பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். அவருடைய புத்தகத்தில் அதற்கு ஒரு முழு அத்தியாயம் இருந்தது. அந்த அத்தியாயத்தின் ஓரங்களில் அவரே பென்சிலால் கோடு போட்டிருந்தார்.

சீட்டைத் திருப்பிக் கார்டைப் பார்த்தார். நீல மசி. ஓவின் மேல் சின்ன வால். அவர் கையெழுத்து.

ரத்த வங்கியின் டாக்டர் தேசிகன் நிதானமானவர். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். பெரிய லேபுக்கு மாதிரி அனுப்பி உறுதி செய்வோம், கூடப் பிறந்தவர்களிடம்தான் கிடைக்க வாய்ப்பு, நாலில் ஒன்று என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"கார்டை யாரும் கேக்கப் போறதில்லை, மௌரீன். முகாம்ல எல்லாரும் அப்படித்தானே எழுதறோம். நீங்களா போய்ச் சொல்லி பேஜாராக்கிக்காதீங்கோ."

வைத்தீஸ்வரனுக்குக் கூடப் பிறந்தது ஒரே அக்கா. பச்சையம்மாள். ஆனேக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இட்லிக் கடை. வனஜா இரண்டு முறை போன் செய்தும் வர முடியாது என்றுவிட்டாள். வியாழன் காலை பெரிய லேப் போனில் உறுதி செய்தது. மௌரீன் லீவு எழுதிக் கொடுத்தார். டிஃபன் டப்பாவில் ஐஸ், அதற்குள் இரண்டு காலி ட்யூப். வனஜாவைக் கூட்டிக்கொண்டு ஆனேக்கல் பஸ் ஏறினார். வழியில் அவர் கால் ஆடியதில் முன் சீட்டுக்காரர் மூன்று முறை திரும்பிப் பார்த்தார். பதட்டத்தில் வனஜாவிடம் லண்டன் கதையைச் சொன்னார். 1925-இல் ஒரு டாக்டர் முதன்முதலாக ஒரு பெண்ணின் இதயத்துக்குள் விரலை விட்டு வால்வைத் திறந்தார், அவள் பிழைத்தாள், ஆனாலும் மற்ற டாக்டர்கள் அதற்கப்புறம் அவரிடம் இன்னொரு நோயாளியை அனுப்பவே இல்லை, இருபது வருஷத்துக்கு மேல் அது அப்படியே கிடந்தது என்று. வனஜா கேட்டுக்கொண்டு வந்தாள். இந்த ஆபரேஷனில் பிழைப்பார்கள் என்பது மட்டும்தான் அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். அத்திப்பள்ளி வரும்போது மௌரீனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கடையில் மதிய ஓய்வு. பச்சையம்மாள் இட்லித் துணியை அலசிக்கொண்டிருந்தாள். தம்பி பெண்டாட்டியைப் பார்த்தும் நிமிரவில்லை. கோபம் இரண்டு வருஷத்துக் கோபம். அவள் மகளுக்குக் காது குத்தியபோது மடியில் உட்கார வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன் வரவில்லை. மலைமேல் கோயில், நூற்றைம்பது படி. வைத்தீஸ்வரனால் அப்போது பத்துப் படி ஏற முடியாது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஓவர்டைம் என்று பொய் சொல்லியிருந்தார்.

"மடி குடுக்க வராதவனுக்கு ரத்தத்துக்கு மட்டும் அக்கா வேணுமா?" என்றாள் பச்சையம்மாள், துணியைப் பார்த்துக்கொண்டே.

படி ஏற முடியாமல் போனதை வனஜா சொன்னாள். அழாமல் சொன்னாள். பச்சையம்மாளின் கை கொஞ்சம் மெதுவானது. ஆனாலும் விடவில்லை. அவன் கார்டில் ஓ, தன் பிரசவக் கார்டிலும் ஓ, ஊரில் பாதிப் பேர் ஓ, அத்தனை பேரையும் விட்டுவிட்டு நாள் முழுக்கக் குண்டான் தூக்குகிறவளைத்தான் பிடிக்க வேண்டுமா என்று கேட்டாள்.

அம்மாவும் அப்பாவும் சொந்தமா என்று மௌரீன் கேட்டார். அப்பா தன் அக்கா மகளைத்தான் கட்டிக்கொண்டார், அதுக்கும் இதுக்கும் என்ன என்றாள். அப்படிப்பட்ட வீடுகளில்தான் இந்த ரத்தம் ஜாஸ்தி வரும், தம்பிக்கு ஓ சேராது, கார்டில் இருப்பது தப்பு என்று மௌரீன் சொன்னார்.

"தப்பா? எவ எழுதினா அத?"

இந்த இடத்தில் மௌரீன் அக்கா சும்மா இருந்திருக்கலாம். ஆஸ்பத்திரி என்று சொல்லியிருந்தாலும் பொய்யில்லை.

"நான்தாம்மா எழுதினேன். மூணு வருஷம் முன்னாடி. இன்னொரு டெஸ்ட் பண்ணியிருக்கணும், பண்ணல."

வனஜா எழுந்து போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். பஸ்ஸில் பிடித்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள், தெரிந்து செய்தாளோ தெரியாமலோ.

பச்சையம்மாள் மௌரீனை மேலும் கீழும் பார்த்தாள்.

"அத இங்க வந்து சொல்றதுக்கா பஸ்ஸேறி வந்தே?"

"ரத்தம் எடுக்க வந்தேன். நீங்க கேட்டீங்க, சொல்லிட்டேன்."

"என்னுதுலயும் தப்பா எழுதியிருப்பாங்களா?"

"அதைத்தான் பாக்கணும்."

"கையெழுத்து போடறவளுங்க எல்லாம் இப்படித்தான்," என்று சொல்லிக்கொண்டே பச்சையம்மாள் ஈரக் கையைச் சேலையில் துடைத்து, மாவு மேஜைமேல் நீட்டினாள். "ஊசி வலிச்சா நான் கத்துவேன். பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேக்கும்."

கத்தவில்லை.

திரும்பி வரும்போது வனஜா இரண்டு சீட்டு தள்ளி உட்கார்ந்தாள். மௌரீன் டப்பாவை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார். பொம்மசந்திரா வந்தது. ஷிஃப்ட் விட்டு வந்தவர்கள் ஏறினார்கள். எல்லோர் சட்டையிலும் பேட்ஜ். அவர் தலை குனிந்துகொண்டார்.

லேபில் பாலகுமார் ட்யூப் ராக்கை எடுத்து வைத்தான். தம்பியின் சீரம், அக்காவின் அணுக்கள். முப்பத்தேழு டிகிரியில் அரைமணி நேரம். அந்த அரைமணியில் மௌரீன் பதினாறு முறை கடிகாரம் பார்த்ததாகப் பாலகுமார் பின்னாளில் எல்லோரிடமும் சொன்னான். ட்யூபை எடுத்து வெளிச்சத்தில் மெல்லத் தட்டினார். அடியில் இருந்த சிவப்புப் பொட்டு மேலே எழுந்தது, புகை மாதிரிப் பிரிந்து கலைந்தது. திரளவில்லை. மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். பாலகுமாரைப் பார்க்கச் சொன்னார். டாக்டர் தேசிகனைக் கூப்பிட்டு அவரையும் பார்க்க வைத்தார். பிறகு புது ட்யூபில் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தார்.

வெள்ளிக்கிழமை பச்சையம்மாள் கடையை மூடிவிட்டு வந்தாள். நாற்பத்தெட்டு கிலோ, ஹீமோகுளோபின் பன்னிரண்டரை. ஒரு பை எடுக்கலாம், இரண்டு முடியாது. சர்ஜன் சீட்டைப் பார்த்துவிட்டு ஒன்றோடு செய்து பார்க்கிறேன் என்றார். ஒன்று போதாவிட்டால் என்று மௌரீன் கேட்கும்போது அவர் அடுத்த சீட்டை எடுத்துவிட்டார்.

திங்கள் காலை எட்டு மணிக்கு பை தியேட்டருக்குப் போனது. மௌரீன் மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். பத்தேகாலுக்கு ஐஸ் பெட்டி திரும்பி வந்தது. திறப்பதற்கு அவருக்குக் கை வரவில்லை, பாலகுமார்தான் திறந்தான். பை அப்படியே இருந்தது. சீல்கூட உடைக்கவில்லை. வால்வு திறந்துவிட்டது, பெரிதாக ரத்தம் போகவில்லை, மூன்று நாள் கையிருப்பில் வையுங்கள் என்று சீட்டில் எழுதியிருந்தது.

மூன்றாம் நாள் மார்பிலிருந்த குழாயை எடுத்தார்கள். வைத்தீஸ்வரனின் கட்டிலுக்குப் போய் மௌரீன் தானே எல்லாவற்றையும் சொன்னார். அவர் தன் வகைக்குப் பெயர் என்ன என்று கேட்டார்.

"பாம்பே குரூப்."

"நான் ஓசூரைத் தாண்டினதில்ல மேடம்," என்றார். சிரித்ததில் தையல் வலித்தது.

வனஜா சிரிக்கவில்லை. ஃபிளாஸ்கை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கடைசி வரை அவள் மௌரீனிடம் பேசவில்லை. அதைப் பற்றி மௌரீன் அக்கா யாரிடமும் குறை சொன்னதில்லை.

கோபப்பட்டது பச்சையம்மாள்தான். தன் ரத்தம் தம்பி உடம்புக்குள் போகவில்லை என்றதும் முகம் சுண்டிவிட்டது. அவ்வளவு தூரம் வந்து கொடுத்ததை வேண்டாம் என்றுவிட்டானா என்றாள். வேண்டாத நிலைமை வந்தது அதிர்ஷ்டம் என்று மௌரீன் விளக்கினார். பை முப்பத்தைந்து நாள் வரை இருக்கும், இதே மாதிரி ஆள் வேறு எங்காவது தவித்துக்கொண்டிருந்தால் அனுப்பலாம் என்றார். பச்சையம்மாள் யோசித்தாள். யாருக்குப் போகிறது என்று தனக்குச் சொல்ல வேண்டும் என்று நிபந்தனை போட்டு, கடைக்குப் பக்கத்து எஸ்டிடி பூத்தின் நம்பரைக் கொடுத்தாள்.

அதன் பிறகு மௌரீனுக்கு ஒரு மாதம் இருப்புக்கொள்ளவில்லை. சென்னை, வேலூர், ஹூப்ளி, பம்பாய் என்று ரத்த வங்கிகளுக்கெல்லாம் போன் செய்தார். எங்களிடம் ஒரு பை இருக்கிறது, ஓவுக்கு ஓ சேராத ஆள் யாராவது வந்தால் சொல்லுங்கள் என்று. சனிக்கிழமைகளில் பொம்மசந்திராவுக்குப் போய், முகாமில் ஓ என்று எழுதிய மற்ற தொண்ணூற்றாறு பேரையும் ஒவ்வொருவராகத் தேடி மறுபடி சோதித்தார். நிர்வாகம் முகம் சுளித்தது. கேட் அருகே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ரத்தம் எடுத்தார். வேறு யாரும் அந்த வகையில்லை. ஒவ்வொரு நாளும் லேபுக்கு வந்ததும் முதலில் ஃபிரிட்ஜைத் திறந்து அந்தப் பையைப் பார்ப்பார்.

யாரும் கூப்பிடவில்லை. முப்பத்தாறாம் நாள் காலை பையை விதிப்படி அழித்தார்கள். பாலகுமார் தான் செய்வதாகச் சொல்லியும் கேட்காமல் மௌரீனே செய்தார்.

மதியம் ஆனேக்கல் பூத்துக்கு நம்பரைச் சுழற்றினார். ஒரு முறை பாதியில் வைத்துவிட்டார். எங்கோ ஹூப்ளியில் ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்குப் போனது என்று சொன்னால் அந்த மனுஷி எவ்வளவு சந்தோஷப்படுவாள் என்று அவருக்குத் தோன்றியதாம். மறுபடி சுழற்றினார். பூத்துக்காரர் போய்க் கூப்பிட்டு, பச்சையம்மாள் வந்து ரிசீவரை எடுக்க நேரமானது.

"யாருக்கும் தேவைப்படலம்மா. நாள் முடிஞ்சிடிச்சி. அழிச்சிட்டோம்."

பஸ் ஹாரனுக்கு மேல் பச்சையம்மாள் குரலை உயர்த்தினாள்.

"யாருமே கேக்கலியா?"

"கேக்கல."

"அப்ப இந்த ஒரு மாசத்துல எங்கள மாதிரி யாருக்கும் ஒண்ணும் ஆவல," என்றாள் பச்சையம்மாள். "நல்லதுதானே. அடுப்புல வடை போட்டுட்டு வந்தேன், தீயுது, வெக்கறேன்."